நீள முகட்டில் இருவர்: பிட்ச் போட்டா, சேர்ந்தேவா?

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் மேத்தஸ் கிரெஸ்ட் என்றொரு கிரானைட் முகடு இருக்கிறது. நீளம் ஏறக்குறைய ஒரு மைல், இருபுறமும் செங்குத்து. ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு இருவர் ஏறும்போது, ஒருவர் நின்று காக்க மற்றவர் ஏறும் ஒரு கட்டம்தான் பிட்ச். 60 மீட்டர் கயிற்றில் 50 மீட்டருக்கு ஒரு பிட்ச் என்றால் 32 பிட்ச். ஆங்கர் (பாறையோடு தன்னைக் கட்டிக்கொள்ளும் இடம்) போட்டு, பின்னவரை வரவழைத்து, சாமான் கைமாற்றப் பிட்சுக்கு அரை மணி வைத்தாலும் 16 மணி நேரம். கோடையில் அந்தப் பக்கம் மதியத்துக்கு மேல் இடி மின்னல் சகஜம். முழுக்கப் பிட்ச் போட்டே போவது ஆகிற காரியமில்லீங்க.

ஆனாலும் கடினமான ஏற்றத்தில் பிட்ச்தான். ஒருவர் ஆங்கரில் இருந்து பிலே கொடுக்க (விழுந்தால் பிடிக்கத் தயாராகக் கயிற்றைக் கையாள), மற்றவர் மட்டும் நகர்கிறார். கோளாறு வருவது கயிறு வளைந்து வளைந்து உரசி இறுகுவதால், 120 செ.மீ. ஸ்லிங் (நாடா வளையம்) மாட்டினால் பாதி தீரும். முகடு பக்கவாட்டில் போகுமிடத்தில், கடினமான அடியைத் தாண்டியதும் முன்னவர் ஒரு கேம் (பாறைப் பிளவில் விரிந்து பிடிக்கும் கருவி) வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விழும் பின்னவர் ஊஞ்சலாடிப் பாறையில் மோதுவார்.

இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து நகரும்போது ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் கதைதான்: ஒருவர் நின்றால் இருவரும் நிற்க வேண்டும். இடையில் 15 முதல் 30 மீட்டர் கயிறு. மிச்சத்தை மார்பில் சுருட்டி, இழுவிசை ஹார்னஸுக்கு (இடுப்பு வார்க்கட்டுக்கு) வரும்படி முடிச்சிட வேண்டும்; சுருளில் வந்தால் கழுத்தை நெரிக்கும். இருவருக்கும் நடுவே எப்போதும் பாறையில் கயிறு மாட்டிய இரண்டு பிடிமானமாவது இருக்கட்டும். பாறைக் கொம்புகளுக்கு இடப்பக்கம், வலப்பக்கம் என்று கயிற்றை மாற்றி மாற்றி விட்டால் செலவில்லாத பிடிமானம் அதுவே.

இம்முறையில் முன்னவர் விழுவதைவிடப் பின்னவர் விழுவதே மோசம், முன்னவரைக் கீழே பிடுங்கிவிடும். அதனால் கெட்டிக்காரர் பின்னால் வரட்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். மைக்ரோ டிராக்‌ஷன் போன்ற ஒருவழிக் கப்பியை நம்பகமான பிடிமானத்தில் மாட்டினால் அந்த இழுப்பு அங்கேயே நிற்கும். கயிறு தொய்ந்திருக்கும்போது விழுந்தால் மட்டும் அதன் பல் கயிற்றின் உறையைக் கிழித்துவிடலாம்.

நடுவழியும் உண்டு: 10, 15 மீட்டர் குட்டிப் பிட்ச். முன்னவர் கொம்பில் ஸ்லிங் மாட்டி, காலை ஊன்றி உட்கார்ந்து, இத்தாலியன் ஹிட்ச் என்ற உராய்வு முடிச்சில் பிலே கொடுக்கலாம். பேச்சும் காதில் விழும். நீள முகட்டில் நேரத்தையும் உயிரையும் ஒருசேர மிச்சம் பிடிப்பது இதுதான் என்பது என் கட்சி.

நம்ம கொங்குக் கரடுகளில் உராய்வை நம்பிக் காலூன்றப் பழகலாம். பாறை உருண்டு வழவழத்துக் கிடப்பதால் கொம்பும் பிளவும் குறைவு, ஸ்லிங் பழக்கம் அங்கே வராது. சங்ககிரி, நாமக்கல் கோட்டைகள் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பவை, அங்கே வேண்டாம். அனுமதி உள்ள சரிவில் இரண்டு பேரும் சுருளை அவிழ்த்துப் பிலேக்கு மாறி, மறுபடி சுருட்டிக் கிளம்பப் பழகுங்கள். மாறுவது கடின அடிக்கு முன்பே நடக்க வேண்டும்; அதன் நடுவில் நின்றுகொண்டு முடிச்சவிழ்க்கக் கை மிச்சமிருக்காது.