அறைக்கு அறை தரைச்சூடு: ஒரு குளிர்காலம் முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகு

இங்கிலாந்தில், மில்டன் கீன்ஸில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்கத் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்தான், வெளியே இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பில் ஓடுகிறது. போன அக்டோபரில் அறைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவர்ப் பெட்டிகளான பழைய டயல் தெர்மோஸ்டாட்டுகளைக் கழற்றிவிட்டு அறைக்கு ஒன்றாக ஐந்து வைஃபை தெர்மோஸ்டாட் மாட்டினேன். ஒன்று 80 பவுண்டு வாக்கில் ஆனது. பிராண்டு எது என்று சொல்லப்போவதில்லை, நான் புலம்பப்போகிற விஷயங்களில் பாதி தரையின் குணம், பெட்டியின் குற்றமில்லை.

முதல் வாரம் போனும் கையுமாகத்தான் திரிந்தேன். ஆபீஸை விட்டுக் கிளம்பினால் ஆப்புக்கே தெரிந்து ஹாலைச் சூடாக்க ஆரம்பித்துவிடும் என்று ஒரு வசதி, அதற்காகவே வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். 25 நிமிடத்தில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் கால் சில்லென்கிறது. குழாய்க்கு மேலே 70 மில்லிமீட்டர் சிமெண்ட், குழாயில் ஓடுவதோ 35 டிகிரித் தண்ணீர், அவ்வளவு கனம் சூடேற மூன்று மணி நேரமாவது ஆகாதா? ஒன்பது மணிக்கு ஹால் கதகதப்பாகும், நாங்கள் பத்துக்குத் தூங்கப் போய்விடுவோம், யாருமில்லாத ஹால் நள்ளிரவு வரை சுகமாக இருக்கும்.

டிசம்பரில் மதுரையிலிருந்து அம்மா வந்தார். “என்னடா, இவ்வளவு காசு போட்டும் தரை சில்லுன்னுதான இருக்கு” என்று சொல்லிவிட்டு சுவரில் இருந்த பொத்தானை அழுத்தி அழுத்தி 28-க்குக் கொண்டுபோய்விட்டார். சாயங்காலம் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் ஏற்றி இறக்குகிற வேலையே விட்டேன். ஹாலும் கிச்சனும் 20, அம்மா அறை 22, ஸ்டடி ரூம் 18, ராத்திரி ஒன்றரை டிகிரி மட்டும் குறையும். அறைக்கு அறை வேறு வேறு சூட்டில் அப்படியே நிற்கிறது பாருங்கள், அதை இந்தப் பெட்டிகள் உண்மையிலேயே நன்றாகச் செய்கின்றன.

ஆனால் அதற்கே ஒரு மாதம் ஆனது, ஏனென்றால் வயரிங் செய்தவர் கிச்சனையும் ஸ்டடியையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கிச்சனில் ஏற்றினால் ஸ்டடி வேகிறது. கண்டுபிடிக்க வழி சுலபம்: ஒரு அறையை மட்டும் 30-க்கு வைத்துவிட்டு, மாடிப்படிக்கு அடியில் குழாய்கள் பிரிகிற இடத்தில் போய் உட்காருங்கள். ஒவ்வொரு வால்வின் தலையிலும் ஒரு மூடி இருக்கும், உள்ளே மெழுகு சூடாகி விரிந்து, மூன்று நான்கு நிமிடத்தில் மேலே ஒரு சின்ன வளையம் எழும்பும். எது எழும்புகிறதோ அதுதான் அந்த அறை. எல்லா அறைக்கும் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஐந்து அறையின் வால்வுகளும் தனித்தனியாகத் திறந்து மூடினால், ஒரே ஒரு சின்ன அறை மட்டும் சூடு கேட்கிற நேரத்தில் ஓடத் தண்ணீர் போதாமல் பம்ப் கிளம்பி நின்று, கிளம்பி நின்று, கரண்டைத் தின்னும். இப்போது ஹால், கிச்சன் வால்வுகளை எப்போதும் திறந்தபடி விட்டிருக்கிறேன், சத்தமும் குறைந்தது.

மாடி பாத்ரூம் கதை வேறு. அங்கே டைல்ஸுக்கு அடியில் பாய் மாதிரி விரித்த மின்கம்பி, மூன்று சதுர மீட்டர், 450 வாட். அரை மணி நேரத்தில் சூடாகிவிடும், டைமர் வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் வீட்டில் இல்லை. காலை ஆறுக்கு ஆன், ஏழரைக்கு ஆஃப். ஜனவரியில் அம்மா இட்லி மாவைப் பாத்திரத்தோடு அங்கே கொண்டுபோய் வைத்தார், அந்தக் குளிரிலும் பொங்கி வழிந்தது. தரையை 27-லேயே ராத்திரி முழுக்க விட்டதற்குக் கரண்ட் செலவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் இன்டர்நெட் போனது. ஆப் செத்துவிட்டது, சுவர்ப் பொத்தான் வேலை செய்தது. உங்களுடையதும் அப்படித்தானா என்று கேட்டு வாங்குங்கள். மரத்தரை என்றால் தரைக்குள் போகிற சென்சார் இருந்தே ஆக வேண்டும், மேற்பரப்பு 27 டிகிரியைத் தாண்ட விடக் கூடாது. ஆர்டர் போடும் முன் எலக்ட்ரீஷியனை வைத்துப் பழைய பெட்டியைத் திறந்து, புதுப் பெட்டிக்கு எந்நேரமும் கரண்ட் கிடைக்கத் தேவையான நியூட்ரல் வயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். என் ஸ்டடியில் இல்லை, அங்கே மட்டும் பேட்டரியில் ஓடுகிற வேறு ஒன்றைத் தேடி வாங்க வேண்டியதாயிற்று.