கிளெப் ஹ்யூமானிட்டீஸ் தேர்வு: ஏழு மாதத் தயாரிப்பும் அதற்கப்புறம் இரண்டு ஆண்டும்

நியூ ஜெர்சியில் வேலைக்குப் போய்க்கொண்டே கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் அக்கவுண்டிங் படித்தேன். ஊரில் பி.காம். இரண்டாம் ஆண்டோடு கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். கணக்குப் பாடங்களை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ள முடிந்தது. இடித்தது ஹ்யூமானிட்டீஸ். என் பட்டத்துக்கு இலக்கியம், கலை, தத்துவம் சார்ந்த பாடம் ஒன்று கட்டாயம். அந்த 3 கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) மட்டும் பாக்கி. வகுப்போ மாலையில், அதே நேரத்தில்தான் எனக்குக் கடையில் அன்றைய கணக்கை முடிக்கும் வேலை. அப்போது அட்வைசர் சொல்லித்தான் கிளெப் என்ற பெயரையே கேள்விப்பட்டேன்.

காலேஜ் போர்டு என்ற அமெரிக்கத் தேர்வு அமைப்பு 1967 முதல் நடத்திவரும் தேர்வு வரிசை இது. வகுப்பில் உட்காராமலே, தெரிந்ததைத் தேர்வில் காட்டி கிரெடிட் வாங்கலாம். ஹ்யூமானிட்டீஸ் தாளில் சுமார் 140 கேள்விகள், நேரம் 90 நிமிடம். எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. மதிப்பெண் 20 முதல் 80 வரை. 50 வந்தால் 3 கிரெடிட் தரலாம் என்பது பொதுப் பரிந்துரை. பாதித் தாள் இலக்கியம்: நாடகம், கவிதை, கதை, தத்துவம் உள்ளிட்ட கட்டுரைகள். மீதிப் பாதி கலை. ஓவியமும் சிற்பமும் 20 சதவீதம், இசை 15, சினிமா, நடனம் போன்றவை 10, கட்டடக்கலை 5. பழைய கிரேக்கத்திலிருந்து நம் காலம் வரை எங்கிருந்தும் கேட்கலாம்.

2023 மார்ச்சில் ஆரம்பித்து அக்டோபரில் எழுதினேன். முதல் இரண்டு மாதம் வீணாய்ப் போனதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் படித்த நம்மில் பலரும் இதே வழியில்தான் போவோம். பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்துத்தான் நமக்குப் பழக்கம். நூலகத்திலிருந்து கிரேக்க நாடகங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்கள் என்று எடுத்துவந்து வரி வரியாகப் படித்தேன். மே மாதம் ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தால் பாதிகூடச் சரியில்லை. 90 நிமிடத்தை 140ஆல் வகுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: ஒரு கேள்விக்கு 38 விநாடி. அந்த நேரத்தில் ஒரு ஓவியத்தைப் பார்த்ததும் இது எந்தக் காலம், எந்தப் பாணி என்று அடையாளம் தெரிய வேண்டும். ஒரு கவிதையின் எட்டு வரியைப் படித்ததும் அதன் வடிவம் பிடிபட வேண்டும். ஒரு நாவலை முழுக்கக் கரைத்துக் குடிப்பதைவிட நூறு பெயர்களை அவற்றின் காலத்தோடும் பாணியோடும் சேர்த்துத் தெரிந்து வைத்திருப்பதுதான் இங்கே கைகொடுக்கும்.

சரி என்று புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மளிகைக் கடையில் கொடுத்த பழைய காலண்டரின் பின்பக்கங்களை ஒட்டி ஒரு காலக்கோடு வரைந்தேன். சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் தேர்வு வரைக்கும் அது தொங்கியது. மேலே ஐரோப்பா, கீழே எனக்கு ஏற்கெனவே தெரிந்தவை. தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது. அப்போது ஐரோப்பாவில் தடித்த சுவரும் அரைவட்ட வளைவும் கொண்ட ரோமனெஸ்க் தேவாலயங்கள். பாரிஸ் நோத்ரதாம் தேவாலயத்துக்கு வேலை தொடங்கியது 1163இல். சுவருக்கு வெளியே கல்லால் முட்டுக்கொடுத்து, சுவரை மெலிதாக்கி, கண்ணாடி ஜன்னல்களைப் பெரிதாக்கிய காத்திக் பாணி அது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இறந்த 1750ஓடு, பரோக் என்ற ஐரோப்பிய இசைக் காலத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். தியாகராஜர் பிறந்தது 1767, பீத்தோவன் பிறந்தது 1770. இந்த இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய அன்று இரவு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் முதல் கண்காட்சி 1874, பாரதி பிறந்தது 1882. அந்நியமாக இருந்த ஆண்டுகள் எல்லாம் தெரிந்தவர்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபின் மறக்கவே இல்லை.

ஓவியமும் சிற்பமும் திரையில் பார்த்துப் படிப்பது ஓர் அளவுக்குத்தான் உதவுகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நியூயார்க் மாநிலத்துக்காரர்களும், நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாணவர்களும் அடையாள அட்டையைக் காட்டி விருப்பப்பட்டதைக் கொடுத்து உள்ளே போகலாம். கம்யூனிட்டி காலேஜ் அட்டையே போதும். நான்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். முதல் நாள் கிரேக்கப் பகுதியில் ஓர் இளைஞனின் பளிங்குச் சிலை முன்னால் நின்றேன். கி.மு. 590ஐ ஒட்டியது. இடது கால் முன்னே வைத்திருக்கிறான், ஆனால் இடுப்பு அசையவில்லை. இரண்டு காலிலும் ஒரே எடை, கைகள் பக்கவாட்டில் ஒட்டியிருக்கின்றன. அப்புறம் இன்னோர் இடத்தில் காயம்பட்ட அமேசான் பெண்ணின் சிலை, கிரேக்க மூலத்தைப் பார்த்து ரோமானியர் செய்தது. இவள் ஒரு காலில் எடையைப் போட்டு, பக்கத்துத் தூணில் சாய்ந்து, வலது கையைத் தலைமேல் வைத்திருக்கிறாள். இடுப்பு ஒரு பக்கம் சரிய, தோள் மறுபக்கம் சரிகிறது. காண்ட்ரபோஸ்டோ என்று மனப்பாட அட்டையில் எழுதி நான் பத்து முறை மறந்த சொல் இதுதான்.

அங்கிருந்து ஆசியக் கலைப் பகுதிக்குப் போனேன். அங்கே சோழர் காலத்துப் பார்வதி நிற்கிறாள், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்த்த செப்புக் கலவைச் சிலை. தலை ஒரு பக்கம், மார்பு ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். திரிபங்கம் என்று நாம் சொல்லும் நிலை. சின்ன வயதில் திருவிழாவில் பட்டும் பூவும் சாத்தித்தான் அம்மனைப் பார்த்திருக்கிறேன். இடுப்பின் அந்த ஒசிவை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது. எடை எந்தக் காலில் என்று பார்க்கும் பழக்கம் அன்றைக்கு வந்தது, இன்றைக்கும் எந்தச் சிலையைப் பார்த்தாலும் கண் முதலில் காலுக்குத்தான் போகிறது.

ஓவியத்தில் எனக்கு மிகவும் குழப்பம் ரோகோகோவும் நியோகிளாசிக்கலும். அதே அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் டேவிட் 1787இல் வரைந்த சாக்ரடீஸின் மரணம் என்ற நியோகிளாசிக்கல் ஓவியம் இருக்கிறது. பின்னால் வெறும் கல்சுவர், ஆட்கள் நாடக மேடையில் வரிசைப்படுத்தியதுபோல், கோடுகள் கறாராக இருக்கும். சாக்ரடீஸ் ஒரு கையை விஷக் கோப்பைக்கு நீட்டி மறு கையால் மேலே காட்டுகிறார். இதற்கு முந்தைய ரோகோகோ அறைகளில் ரோஜா நிறமும் பட்டுத்துணியும் காதல் கடிதமுமாக இருக்கும். ஒரே மதியத்தில் இரண்டையும் பார்த்தவருக்கு மறுபடி குழப்பம் வராது.

கவிதையில் எனக்குக் கைகொடுத்தது பள்ளியில் படித்த யாப்பு. நேர், நிரை என்று அசை பிரித்தவர்களுக்கு அயாம்பிக் பென்டாமீட்டர் என்ற ஆங்கிலச் சந்தம் பயமுறுத்தாது. ஒரு வித்தியாசம் மட்டும் மனதில் இருக்க வேண்டும்: நம் அசை குறிலையும் நெடிலையும் பார்க்கிறது, ஆங்கிலத்தில் குரல் எங்கே அழுந்துகிறது என்பதுதான் கணக்கு. என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அவள்தான் சமையலறை மேடையில் தட்டிக் காட்டினாள். "அம்மா, 'அபவ்' சொல்லிப் பாருங்க, ரெண்டாவது தட்டுதான் பலமா விழுது." அப்படி ஐந்து ஜோடி சேர்ந்தால் ஓர் அடி. சானட் என்ற கவிதை வடிவத்தில் 14 அடி. எட்டும் ஆறுமாகப் பிரிந்தால் இத்தாலிய வகை. மூன்று நான்கடிகளும் கடைசியில் இயைபு சேர்ந்த ஈரடியும் வந்தால் ஷேக்ஸ்பியர் வகை.

இசைக்குத் தனி நேரம் ஒதுக்கவில்லை. காரில் போகும் 25 நிமிடம்தான். ஒரு வாரம் பரோக், ஒரு வாரம் கிளாசிக்கல், ஒரு வாரம் ரொமாண்டிக் என்று கேட்டேன். என் தேர்வில் எதையும் ஒலிக்கவிட்டுக் கேட்கவில்லை, கேள்விகள் எழுத்தில்தான் இருந்தன. ஆனால் ஃப்யூக் என்றால் என்ன என்று படித்து மனப்பாடம் செய்வதும், ஒரே மெட்டை ஒரு குரல் தொடங்க அடுத்த குரல் பின்தொடர்ந்து வருவதைக் காதால் கேட்பதும் ஒன்றல்ல. சினிமாவுக்கும் நடனத்துக்கும் இரண்டு நாள் போதுமாக இருந்தது.

படிக்கப் பயன்பட்டவை: மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அமைப்பு இணையத்தில் இலவச வகுப்பு நடத்துகிறது. வகுப்பை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சர் தருகிறது. கட்டணம் அப்போதே 90 டாலருக்கு மேல், எனக்கு அது மிச்சம். தேர்வு மையத்துக்கான தொகை மட்டும் தனியாகக் கட்டினேன். ஓவியத்துக்கு ஸ்மார்ட்ஹிஸ்டரி என்ற கலை வரலாற்றுத் தளத்தின் காணொளிகளைப் போல வேறு எதுவும் உதவவில்லை. மாதச் சந்தா கட்டி ஒரு பயிற்சிச் செயலியும் வாங்கினேன். ஆசிரியர் பெயர், நூல் பெயர் என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டது, படங்களே இல்லை, சில விடைகள் தவறாகவும் இருந்தன. இரண்டாம் மாதம் நிறுத்திவிட்டேன். அந்தப் பணத்தில் காலேஜ் போர்டின் அதிகாரபூர்வக் கையேட்டை வாங்கியிருக்கலாம், உண்மையான கேள்வியின் நடை அதில்தான் தெரிகிறது.

தேர்வில் வந்த கேள்விகளை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம், அதனால் அவற்றைப் பற்றி எழுதவில்லை. நான் செய்த முறையை மட்டும் சொல்கிறேன். தெரிந்ததை உடனே குறித்தேன். இழுக்கும் கேள்விக்கு ஏதோ ஒரு விடை போட்டு, திரும்பப் பார்க்க அடையாளம் வைத்து நகர்ந்தேன். நீளமான பத்திகள் உள்ள கேள்விகளைக் கடைசிக்கு வைத்தேன். 11 நிமிடம் மிஞ்சியது. முடித்ததும் திரையிலேயே மதிப்பெண் வந்துவிடும். 61. வெளியே வந்து காரில் உட்கார்ந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. வேண்டிய மதிப்பெண் வராதவர்கள் மூன்று மாதம் காத்திருந்து மறுபடி எழுதலாம்.

கம்யூனிட்டி காலேஜில் அந்த 3 கிரெடிட் சிக்கலில்லாமல் ஏறியது. சிக்கல் 2024இல், நான்காண்டுக் கல்லூரிக்கு மாறியபோது வந்தது. அங்கே மதிப்பெண்ணை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் விருப்பப் பாடக் கணக்கில் போட்டுவிட்டார்கள். கட்டாய ஹ்யூமானிட்டீஸ் பாடம் மறுபடி பாக்கி என்று காட்டியது. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி விதி. எந்த மதிப்பெண், எத்தனை கிரெடிட், எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை அவரவரே முடிவு செய்கிறார்கள். நான் முதல் கல்லூரியிடம் மட்டும் கேட்டிருந்தேன், மாறப்போகும் கல்லூரியிடம் கேட்கவில்லை. தேர்வின் பாடப் பகிர்வை இணைத்து மனு கொடுத்தேன். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், துறைத் தலைவரை நேரில் பார்த்தேன். ஏழு வாரம் கழித்து மாற்றிக் கொடுத்தார்கள்.

எழுத நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால், இப்போது படிக்கும் கல்லூரிக்கும் பிறகு மாற நினைக்கும் கல்லூரிக்கும் மின்னஞ்சல் போட்டு, இது எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணைக் காலேஜ் போர்டு 20 ஆண்டு வைத்திருக்கும், அதனால் பாதியில் படிப்பை நிறுத்த நேர்ந்தாலும் வீணாகாது. என் காலக்கோடு இப்போது மகளின் அறையில் இருக்கிறது. வரலாற்றுப் பாடத்துக்காக அவள் அதில் பச்சை மையால் ஆண்டுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.