பழைய பதிவேட்டை மூட இரண்டு ஆண்டுகள் ஆயின: ஒரு சிறு விடுதியின் முன்பதிவு மென்பொருள் அனுபவம்

வளரும் நாடொன்றில் பன்னிரண்டு அறைகள் கொண்ட தங்கும் விடுதியை நடத்தி வருகிறேன். 2018 முதல் முன்பதிவுத் தளங்கள், சேனல் மேனேஜர், வாட்ஸ்அப் பிசினஸ், இணையவழிப் பணம் பெறும் வசதி என ஒவ்வொன்றாகச் சேர்த்து வந்த அனுபவத்தை, இதே அளவில் தொழில் செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடக்கத்தில் இரண்டு தளங்களில் அறைகளைப் பட்டியலிட்டு, அவற்றின் நாட்காட்டிகளை, ஒன்றின் பதிவுகளை மற்றொன்று படிக்க உதவும் ஐகால் (iCal) இணைப்பால் பிணைத்தேன். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த முறையில் ஒரு தளம் மற்றொன்றின் நாட்காட்டியை அவ்வப்போது போய்ப் படித்து வருகிறதே தவிர, முன்பதிவு நடந்த கணத்திலேயே தகவல் வந்து சேர்வதில்லை. இடையில் சில மணி நேரம் கூடக் கழியலாம். அந்த இடைவெளியில்தான் ஒரே அறையை இரண்டு குடும்பங்கள் பதிவு செய்தன. தோளில் தூங்கும் குழந்தையுடன் நள்ளிரவில் வந்து நின்றவர்களுக்கு வேறொரு விடுதியில் இடம் தேடித் தந்தேன். அறை இருப்பையும் விலையையும் எல்லாத் தளங்களிலும் உடனுக்குடன் திருத்தும் சேனல் மேனேஜரை மறுமாதமே வாங்கினேன். இத்தனை ஆண்டுகளில் வாங்கியவற்றுள், கொடுத்த பணத்துக்கு முழுமையாக ஈடு செய்த கருவி அதுதான்.

ஆயினும் இரட்டைப் பதிவுகள் நிற்கவில்லை. காரணத்தைக் கண்டறிய எனக்கு நெடுநாள் பிடித்தது. வரவேற்பு மேசையில் நீண்ட காலமாகப் பணிபுரியும் பெண் ஊழியர், தொலைபேசியிலும் நேரிலும் வரும் பதிவுகளை முதலில் பழைய பதிவேட்டில் எழுதிவிட்டு, ஓய்வு கிடைக்கும்போதுதான் கணினியில் ஏற்றி வந்தார். அதைப் பழக்கத்தின் பிடிவாதம் என்று எண்ணிக் கடிந்துகொண்டது என் தவறு. மின்சாரம் போனால் கணினித் திரை அணைந்துவிடும். இணையம் நின்றால் மென்பொருள் திறக்காது. அந்த நேரத்தில் வாசலில் நிற்கும் விருந்தினருக்கு எந்த அறை என்று சொல்ல வேண்டியவர் அவர். பதிவேடு எப்போதும் படிக்கக் கூடியதாக இருந்தது. இதை அவர் பொறுமையாக விளக்கிய பிறகு, மறுநாள் வருகைப் பட்டியலை ஒவ்வொரு மாலையும் தாளில் அச்சிட ஏற்பாடு செய்தேன். கைப்பேசியிலும் இயங்கும் மென்பொருளுக்கு மாறி, மொபைல் டேட்டாவுடன் ஒரு கைப்பேசியை மேசைக்கென்றே ஒதுக்கினேன். சில வாரங்களில் அவரே பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தார். எங்கள் விடுதி டிஜிட்டலுக்கு மாறியது அன்றுதான் என்று கணக்கிடுகிறேன்.

கமிஷனைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெரிய தளங்கள் பொதுவாக 15 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ பெறுகின்றன. பட்டியலில் மேலே தெரிய உதவும் தள்ளுபடித் திட்டங்களில் சேர்ந்தால், அந்தத் தள்ளுபடியும் நம் பங்கிலிருந்தே கழிகிறது. அதைவிட என்னை உறுத்துவது, சொந்த இணையதளத்தில் குறைந்த விலை காட்டக் கூடாது என்னும் விலைச் சமநிலை நிபந்தனை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் அழுத்தத்தால் புக்கிங்.காம் 2024இல் இந்த நிபந்தனையைக் கைவிட்டது ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில்தான். அந்தச் சட்டத்தின் காப்பு அதற்கு வெளியே உள்ள சிறு விடுதிகளுக்கு இல்லை.

உலகச் சுற்றுலாப் பயணிகளின் பன்னாட்டு வருகை 2019இல் ஏறத்தாழ 146 கோடியாக இருந்து, 2020இல் 40 கோடி அளவுக்கு வீழ்ந்தபோது தளங்கள் வழி வந்த பதிவுகள் அறவே நின்றன. அப்போது கைகொடுத்தவர்கள் முன்பு எங்களிடம் நேரடியாகத் தங்கிச் சென்ற உள்நாட்டு விருந்தினர்கள். அவர்களின் எண்கள் வாட்ஸ்அப் பிசினஸில் இருந்தன. சுகாதார ஏற்பாடுகளை விளக்கி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே செய்தி அனுப்ப முடிந்தது. தளம் வழி வந்தவர்களையோ எளிதில் அழைக்க முடியவில்லை, ஏனெனில் சில தளங்கள் விருந்தினரின் உண்மையான மின்னஞ்சலை மறைத்து மாற்று முகவரியையே தருகின்றன. அதன் பின்னர், வரும் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் பெற்று எண்ணைப் பதிவு செய்துகொள்கிறோம்.

இணையவழி முன்பணம் வருகை தராதவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. வெளிநாட்டு அட்டைகள் அவ்வப்போது நிராகரிக்கப்படுவது தவிர, அதில் பெரிய குறையில்லை.

நான் முதலில் பயன்படுத்திய மென்பொருளை அதன் நிறுவனம் திடீரென நிறுத்தியபோது, இரண்டு ஆண்டுப் பதிவுகளை வெளியே எடுக்க வழியில்லாமல் போயிற்று. இன்று பயன்படுத்துவதில் எல்லாத் தரவையும் எக்செல் கோப்பாக இறக்க முடிகிறது. ஒவ்வொரு மாத இறுதியிலும் அதைச் செய்து, ஒரு பிரதியை விடுதிக்கு வெளியே வைத்திருக்கிறேன். புதிதாக வாங்குபவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே இந்த வசதி உண்டா என்று கேட்டு, அதை விற்பனையாளர் முன்னிலையில் செய்து பார்த்துவிட வேண்டும்.