திமோத்தி புல்: மூன்று வருடம் வாங்கிப் போட்ட கதை

எலி இனத்தைச் சேர்ந்த வளர்ப்புப் பிராணி கினி பிக். என் வீட்டு கினி பிக் கடலைக்கு மயக்க மருந்து கொடுத்துக் கடைவாய்ப் பல்லை ராவிக் கூட்டி வந்த அன்று ராத்திரிதான் நண்பன் கேட்டான்: "பொண்ணு கினி பிக் வேணும்ங்கிறா. தீனிச் செலவு ஒண்ணும் பெருசா இருக்காதுல்ல? கேரட் போட்டா போதும்ல?"

நல்ல நேரம் பார்த்துக் கேட்டான்.

வீட்டில் இரண்டு இருக்கின்றன, பொரியும் கடலையும். வாங்கிய கடையில் "முயல் தீனியே போதும் சார்" என்றார்கள். போதாது. முயல் தன் உடம்பிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும். கினி பிக்கால் அது முடியாது, நம்மைப் போலத்தான். தினமும் கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை தீனியில் போயாக வேண்டும். நெல்லிக்காயை விட்டால் வேறென்ன என்று நறுக்கி வைத்தேன். பொரி முகர்ந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது. கடைசியில் குடைமிளகாய்தான் கை கொடுத்தது. ஆளுக்குக் கால் பழம், கூடக் கொஞ்சம் கொத்தமல்லி, அவ்வளவுதான். கேரட் தித்திப்பு, எப்போதாவது ஒரு துண்டு.

என் கோபமெல்லாம் புல்லின் மேல்தான். சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். திமோத்தி குளிர் பிரதேசத்துப் புல், நம் சமவெளியில் வராது. அதனால் கப்பலேறி வருகிறது. ஒரு கிலோ வாங்கும் காசுக்குக் கிட்டத்தட்ட பத்து கிலோ பொன்னி அரிசி வரும். பாக்கெட்டைப் பிரித்தால் மேலே பச்சைப் பசேல், அடியில் கால் பங்கு வெறும் தூசி. கொட்டினால் அதுகளும் தும்மும், நானும் தும்முவேன். மூன்று வருடத்தில் நான்கு கம்பெனி மாற்றிப் பார்த்துவிட்டேன், தூசி மட்டும் மாறவில்லை. மிச்சத்திலும் மெல்லிய இலையைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தண்டின் மேல் மூத்திரம் போய்விடும் இந்த ராஜ வம்சம்.

சிக்கனம் பிடிக்கப் பார்க்காமல் இல்லை. பால்காரர் தயவில் குதிரை மசால் என்ற மாட்டுத் தீவனம் கிடைத்தது. வளரும் குட்டிக்கு நல்லது. வளர்ந்ததற்கு அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதிகம், சிறுநீர்ப்பையில் கல் வரலாம். மூத்திரம் காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி படிந்ததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். வைக்கோலில் சத்தில்லை, படுக்கத்தான் லாயக்கு. அப்புறம் ஒரு வெறுப்பில் இரண்டு மாதம் புல்லையே நிறுத்திவிட்டுக் கடையில் விற்கும் குச்சித் தீனியும் (பெல்லட்) கீரையுமாக ஓட்டினேன்.

அதன் பலன்தான் இந்தப் பல். கினி பிக்கின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நீளமான நாரை மணிக்கணக்கில் அரைத்தால்தான் தேயும். கடலை வாயில் வாங்கியதைக் கீழே போட்டது, தாடை எச்சிலில் நனைந்திருந்தது. 950 கிராம் இருந்தது 780 ஆன பிறகுதான் எனக்கு உறைத்தது. வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்தியிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். மருத்துவருக்குக் கொடுத்த பணத்தில் ஒரு வருடத்துக்குப் புல் வாங்கியிருக்கலாம்.

நான் எதிர்பார்க்காத ஒரே சந்தோஷம் அருகம்புல். பிள்ளையார் கோயில் வாசலில் பூக்காரம்மாவிடம் வாங்கி, அலசி, ஈரம் போக உலர்த்திப் போட்டால் இரண்டும் கூச்சலிட்டபடி ஓடி வரும். பிளாஸ்டிக் பை சரசரத்தாலே போதும், அடுக்களைவரை கேட்கும். திமோத்திக்கு இந்த மரியாதை ஒரு நாளும் கிடைத்ததில்லை. சங்கடஹர சதுர்த்தியன்று மட்டும் போகாதீர்கள், கட்டு விலை ஏறிவிடும். அதுவும் தினம் கிடைப்பதில்லை, மழைக்காலத்தில் சேறும் சகதியுமாக வரும். ஆக, அஸ்திவாரம் அந்தப் பாழாய்ப்போன பாக்கெட்தான்.

பல்லுக்கும் வயிற்றுக்கும் அதைவிட நல்லதாக நான் எதையும் பார்க்கவில்லை. இருந்தும் இன்றைக்கு என்னைக் கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். புல்லையும் சரி, கினி பிக்கையும் சரி. நண்பனுக்கு "மீன் தொட்டி வாங்கிக் கொடு" என்று அனுப்பிவிட்டு, இரண்டு கிலோ ஆர்டர் போட்டேன். வியாழக்கிழமை வருமாம்.