கழிவுநீர் நஞ்சு: காய்ந்த பாசியா, உயிருள்ள பாக்டீரியாவா?

தொழிற்சாலைக் கழிவுநீரை உயிர்ப்பொருளால் சுத்தம் செய்வது என்றால் இரண்டு வெவ்வேறு வேலைகள். காய்ந்த பாசி, இறால் ஓடு, உமி போன்ற உயிரற்ற பொருளின் மேல் நஞ்சு ஒட்டிக்கொள்வது ஒன்று. உயிருள்ள நுண்ணுயிர் அதைத் தின்று உடைப்பது, அல்லது வேறு வடிவத்துக்கு மாற்றுவது இன்னொன்று. எது தேவை என்பதைத் தண்ணீரில் இருக்கும் சரக்குதான் முடிவு செய்யும். ஈயமும் காட்மியமும் தனிமங்கள். எந்த உயிரும் அவற்றை அழிக்காது, இடம்தான் மாற்றும். சயனைடு, பீனால் எல்லாம் மூலக்கூறுகள்; உடைத்துவிடலாம்.

உயிரற்ற பொருள்களில் என் ஓட்டு சர்காசம் போன்ற பழுப்புக் கடற்பாசிக்கு. அதன் செல்சுவரில் ஆல்ஜினேட் என்ற கூழ் போன்ற சர்க்கரைச் சங்கிலி நிறைய. அதிலுள்ள கார்பாக்சில் தொகுதிகள் (எதிர்மின்னேற்றம் கொண்ட அணுக்கூட்டங்கள்) கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஈயம் வந்தால் கால்சியத்தைக் கைவிட்டு அதைப் பற்றிக்கொள்ளும். ஓர் அயனியை விட்டு இன்னொன்றைப் பிடிக்கும் செயற்கை மணிகளை அயனிப் பரிமாற்ற ரெசின் என்பார்கள்; இது இயற்கையே செய்து கொடுத்த ரெசின் என்றே சொல்லலாம். பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடும் அளவு) 4 முதல் 6 வரை நன்றாக வேலை செய்யும். 2-க்கும் கீழே இறக்கினால் ஹைட்ரஜன் அயனிகள் கூட்டமாக வந்து உலோகத்தை வெளியே தள்ளிவிடும். இது குறை மாதிரி தெரிந்தாலும் வசதிதான்: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, அதே பாசியைத் திரும்பப் பயன்படுத்தலாம்.

இறால், நண்டு ஓட்டிலிருந்து வரும் கைட்டோசன் தாமிரத்தை அருமையாகப் பிடிக்கும்; அமினோ தொகுதிகளின் வேலை அது. ஆனால் அமில நீரில் அதுவே கரைந்துபோகும். கரையாமலிருக்க அதன் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்தால் (குறுக்கிணைப்பு) பிடிக்கும் திறனில் கொஞ்சம் போய்விடும். போதாக்குறைக்கு, ஓட்டைக் கைட்டோசனாக்கவே அடர்ந்த காஸ்டிக் சோடா வேண்டும். ‘பசுமை’ என்று பெயர் ஒட்டும்போது அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உமித்தூள் மலிவு, அவ்வளவுதான். பிடிப்பு குறைவு, குழாய்க் கலத்தில் அடைத்துக்கொள்ளும், கழுவாமல் போட்டால் தண்ணீரில் பழுப்பு நிறத்தையும் கரிமக் கழிவையும் தானே சேர்க்கும்.

ஆய்வகத்தில் வரும் பிடிப்புத் திறன் எண்களை அப்படியே நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் காய்ச்சி வடித்த தூய நீரில் ஒரே ஓர் உலோகத்தைக் கரைத்து எடுத்தவை. நிஜக் கழிவுநீரில் கால்சியமும் மற்ற உலோகங்களும் அதே இடத்துக்குப் போட்டி போடும். ஒரு சின்னக் கணக்கு: நாளுக்கு 1,000 கன மீட்டர் தண்ணீர், லிட்டருக்கு 10 மில்லிகிராம் உலோகம் என்றால் நாளுக்கு 10 கிலோ உலோகம். கிராமுக்கு 50 மில்லிகிராம் பிடித்தாலும் தினமும் 200 கிலோ பாசி நிறைந்துவிடும். ஆக, கழுவித் திரும்பப் போட முடியாத பொருள் பந்தயத்திலேயே இல்லை.

குரோமியத்தின் கடும் நஞ்சான வடிவம், ஆறு இணைதிறன் குரோமியம், மட்டும் தனிக்கதை. பி.எச். 2 வாக்கில் பாசியும் உமியும் எலெக்ட்ரானைக் கொடுத்து அதை நஞ்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றிவிடுகின்றன. ஆறு இணைதிறன் மட்டும் அளந்து பார்த்து, ‘முழுக்க ஒட்டிக்கொண்டது’ என்று எழுதியவர்கள் உண்டு. மொத்தக் குரோமியத்தை அளந்தால்தான் மீதி தண்ணீரிலேயே நிற்பது தெரியும்.

சரி, உயிருள்ள பக்கம். அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் 1984 முதல் சுழலும் வட்டுகளில் வளர்ந்த பாக்டீரியாக்கள் சயனைடையும், அது கந்தகத்தோடு சேர்ந்த தயோசயனேட்டையும் உடைத்தன. நெதர்லாந்தின் பூடல் துத்தநாக ஆலையில் 1992 முதல் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும் பாக்டீரியாக்கள், அந்தச் சல்பைடோடு சேர்த்துத் துத்தநாகத்தைப் படியவைத்தன. அந்தப் படிவு மறுபடி ஆலைக்கே மூலப்பொருள். உலோகமும் சல்பேட்டும் சேர்ந்து வரும் தண்ணீருக்கு இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தொல்லைகளும் உண்டு. பாக்டீரியாவுக்கு எத்தனால் மாதிரி தீனி போட வேண்டும், குளிரில் அது சோம்பிவிடும், ஹைட்ரஜன் சல்பைடு கசிந்தால் ஆளுக்கே ஆபத்து. ஒரே ஒரு நாள் நஞ்சு அளவு மீறி வந்தால் கூட்டமே செத்து, மறுபடி வளர வாரக்கணக்கில் ஆகலாம். காய்ந்த பாசிக்கு அந்தக் கவலை இல்லை. அது ஏற்கெனவே செத்ததுதானே.

இந்த இரண்டுக்கும் வெளியே நிற்கும் போட்டியாளர்கள் சுண்ணாம்பும் செயற்கை ரெசினும். லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் உலோகம் வந்தால் அதைப் படியவைப்பதில் சுண்ணாம்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கசடு மலையாகக் குவியும், கடைசிச் சில மில்லிகிராம் போகாது. அந்த வாலைப் பிடிப்பதுதான் பாசிக்கு ஏற்ற இடம். அங்கே ரெசினோடு மோத வேண்டும். சிலிக்காவில் பதித்த குளோரெல்லா பாசியைக் கொண்ட ஆல்காசார்ப், பேசில்லஸ் பாக்டீரியாவைக் கொண்ட ஏ.எம்.டி. பயோகிளெய்ம் இரண்டும் சந்தைக்கு வந்தும் ரெசினை அசைக்க முடியவில்லை. ரெசின் மணி ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருக்கும். பாசியோ பருவத்துக்குப் பருவம், கடலுக்குக் கடல் மாறும். ஆலை நடத்துபவர் கேட்பது மூட்டைக்கு மூட்டை மாறாத சரக்கு.

பாசியைத் தேர்ந்தெடுப்பவர் இன்னொன்றையும் முதல் நாளே முடிவு செய்ய வேண்டும்: கழுவிய அமிலத்தில் சேரும் உலோகம் எங்கே போகும்? தாமிரமாக இருந்தால் மின்பகுப்பில் மீட்கலாம். பல சுற்றுக்குப் பிறகு தேய்ந்த பாசியை எரித்தால் காட்மியம் புகையோடு கிளம்பும். எரிக்காமல் வைத்தால் அதுவே நஞ்சுக் கழிவு மூட்டை.