சுங்கை சிப்புட்டில் தரை வீடா, ஈப்போவில் அடுக்குமாடியா?

முன்பணத்துக்குக் காசு சேர்ந்தபோது என் முன்னால் இருந்தவை இரண்டு: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் என்ற சின்ன ஊரில் பழைய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒற்றைமாடி வரிசை வீடு, பக்கத்து நகரமான ஈப்போவில் புது அடுக்குமாடி வீடு. இரண்டுமே வாடகைக்கு விடத்தான். நான் வாங்கியது தரை வீட்டை. இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ஈப்போ பக்கம் உள்ள நியாயம் எல்லோருக்கும் தெரிந்ததே. மருத்துவமனை, கல்லூரி என்று ஆள் வரத்து உண்டு, வாடகையும் கூடுதல். சுங்கை சிப்புட்டில் வாடகைக்கு வருகிறவர்கள் ஆசிரியர்கள், லாரி ஓட்டுநர்கள், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள். வாடகை குறைவுதான். ஆனால் பள்ளிப் பிள்ளைகளோடு குடிவந்தவர்கள் லேசில் காலி செய்வதில்லை.

நான் முடிவெடுத்தது பராமரிப்புச் செலவைப் பார்த்துத்தான். அடுக்குமாடியில் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம், அதன்மேல் 10 விழுக்காடு சிங்கிங் ஃபண்ட், அதாவது பெரிய பழுதுகளுக்கென்று சேர்க்கும் நிதி. கட்டணம் 240 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 264. வருடத்துக்கு 3,168 வெள்ளி. வாடகை 900 வெள்ளி என்றால் பத்தில் மூன்று பங்கு அங்கேயே போய்விடும். வங்கித் தவணை அதற்கு அப்புறம்தான். வீடு காலியாகக் கிடந்தாலும் கட்ட வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி போடலாம்.

சரி, இதையெல்லாம் நாம் ஒழுங்காகக் கட்டிவிடுகிறோம். பக்கத்து வீடுகள் கட்டாவிட்டால்? பழுதான லிஃப்டைச் சரிசெய்ய நிர்வாகத்திடம் பணம் இருக்காது. எட்டாவது மாடிக்குப் படியேறி எந்த வாடகைக்காரர் வருவார்? நம் முதலீட்டின் மதிப்பு அடுத்தவர் பொறுப்பில் நிற்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. அடுக்குமாடிதான் வேண்டும் என்கிறவர்கள் மாதிரி வீட்டைப் பார்த்து மயங்காமல், வீட்டுக்காரர்கள் கட்டாமல் வைத்திருக்கும் பாக்கி எவ்வளவு, கணக்குத் தணிக்கையானதா என்று நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள்.

தரை வீட்டிலும் செலவு இல்லாமல் இல்லை. பழைய தாமான் வீடுகளில் பின்பக்கம் சமையலறையை இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஓட்டுக்கூரையும் தகரமும் சேரும் இடத்தில்தான் மழைநீர் இறங்கும். உள்ளே கூரைப்பலகையில் தேநீர் நிறத்தில் கறை வட்டமாகப் படர்ந்திருக்கும். புதிதாகச் சாயம் அடித்திருந்தால் அந்த இடத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள். கதவு நிலையை விரலால் தட்டுங்கள். பொத்தென்று ஒலித்தால் கரையான். ஆனால் இந்த வேலைகளை எப்போது செய்வது, யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு செலவழிப்பது எல்லாம் நம் கையில்.

மூன்றாவதாக ஒன்றையும் காட்டுவார்கள்: மலிவு விலையில் தோட்டத்துண்டு. விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்குக் கீழே, அதாவது சுமார் ஓர் ஏக்கருக்குக் கீழே, பிரித்துத் தனி கெரான் (நில உரிமைப் பத்திரம்) வாங்க நிலச்சட்டம் இடம் தராது. ஆகவே பலர் பெயர் ஒரே கெரானில் ஏறும்; பின்னால் விற்கவோ அடகு வைக்கவோ போனால் சிக்கல்தான். பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்க, சுங்கை சிப்புட்டில் பிறந்த மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். அங்கே நிலம் சங்கத்தின் பெயரில் இருந்தது, உறுப்பினருக்குப் பங்கு இருந்தது. இந்த 'லாட்' (துண்டு நில) வியாபாரம் அதுவல்ல.

எதை வாங்கினாலும் முன்பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்து கெரானில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலம் என்றால் நம் பெயருக்கு மாறாது. லீஸ்ஹோல்ட் (குத்தகைக் கால நிலம்) என்றால் மீதி எத்தனை வருடம், பெயர் மாற்ற மாநில அரசின் ஒப்புதல் தேவையா என்று பாருங்கள்.

மறுவிற்பனையைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். நான் இன்னும் விற்கவில்லை. சின்ன ஊரில் வாங்க ஆள் அமைய நாளாகும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். எப்படியும் விற்ற லாபத்துக்கான சொத்து ஆதாய வரி குடிமக்களுக்கு வாங்கிய முதல் மூன்று வருடம் 30 விழுக்காடு, நான்காம் வருடம் 20, ஐந்தாம் வருடம் 15. ஆறாம் வருடத்திலிருந்துதான் இல்லை. அதுவரை வாடகை வரட்டும்.