கேம் நன்றாகத்தான் ஓடுகிறது, ஃபேன் சத்தம்தான் தாங்க முடியவில்லை

நண்பன் ஒருவன் பழைய கேம் கன்சோல் வாங்கப் பார்க்கிறான். நான் வைத்திருக்கும் அதே மாடல்தான். "நீ ரொம்ப வருஷமா வெச்சிருக்கியே, எப்படி இருக்கு? வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். ஒரு வரியில் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, அதில் முக்கால்வாசி தூசியைப் பற்றித்தான். அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

என்ன சிப், எத்தனை ஜிபி என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். நல்லதை முதலில் சொல்லிவிடலாம். படம் இன்றைக்கும் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. கன்ட்ரோலர் கையில் அப்படியே பொருந்தி உட்காரும். மணிக்கணக்கில் பிடித்திருந்தாலும் விரல் வலித்ததில்லை. டிஸ்க் டிரைவ் ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. சேவ் ஃபைல் எதுவும் காணாமல் போகவில்லை. இத்தனை வருஷம் உழைத்த ஒரு பொருளைக் குறை சொல்ல மனசு வராது. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குறை ஒன்றே ஒன்றுதான். சூடு. அந்தச் சூட்டைத் தணிக்க ஃபேன் போடும் கூச்சல்.

புதிதில் இந்தக் கன்சோல் ஓடுகிறதா இல்லையா என்பதே விளக்கைப் பார்த்தால்தான் தெரியும். சத்தம் ஒரே நாளில் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கதைக் காட்சிகளில் பாத்திரங்கள் மெதுவாகப் பேசினால் காதில் விழாது. டிவி சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டுவேன், மறுபடி இரண்டு புள்ளி. மோசமானது மேப் திரைதான். சண்டை நடக்கும்போதுகூடத் தாங்கிக்கொள்ளலாம், மேப்பைத் திறந்தால் ஃபேன் அலறும். காரணம் இருக்கிறது. சில கேம்களில் மெனு, மேப் போன்ற திரைகளில் நொடிக்கு இத்தனை ஃபிரேம்தான் என்ற கட்டுப்பாடு சரியாக இருக்காது. வரைய வேண்டியது குறைவு என்பதால் சிப் ஒரே படத்தைத் தன்னால் முடிந்த வேகத்தில் திரும்பத் திரும்ப வரைந்து தள்ளும். நாம் சும்மா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம், உள்ளே அது முழு மூச்சில் வேலை செய்துகொண்டிருக்கும்.

அப்புறம் அந்த எச்சரிக்கை வந்தது. கன்சோல் அதிகமாகச் சூடாகிவிட்டது, அணைத்து ஆறவிடவும் என்று திரையில் ஒரு அறிவிப்பு. படித்து முடிப்பதற்குள் அதுவே அணைந்துபோனது. சேவ் பாயின்டுக்குச் சற்று முன்னால்.

பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஃபேன் அவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரும் காற்று மெலிந்து போயிருந்தது, அனல் மட்டும் அடித்தது. சத்தம் அதிகம், காற்று குறைவு என்றால் நடுவில் ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், உள்ளங்கை போதும்.

இந்த மாதிரி கன்சோல்கள் கனமான கேம் ஓடும்போது 150 வாட் வரைக்கும், சில மாடல்கள் அதற்கு மேலும் மின்சாரம் எடுக்கும். அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். சிப்பின் மேல் அதன் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஒரு ஹீட் சிங்க். அதில் மெல்லிய உலோகத் தகடுகள் மில்லிமீட்டர் கணக்கான இடைவெளியில் வரிசையாக நிற்கும். ஃபேன் அந்த இடைவெளிகளுக்குள் காற்றைத் தள்ளும். தூசி அடைவது சரியாக அந்த வாசலில். காற்று நுழையும் பக்கத்தில் முதலில் இழைகள் சிக்கும், இழைகளின் மேல் பொடி படியும், பொடியின் மேல் மறுபடி இழை. நாளடைவில் தகடுகளின் முகப்பில் ஒரு கம்பளியைப் போர்த்திவிட்ட மாதிரி ஆகிவிடும். சிப் சூடானதைப் பார்த்து ஃபேன் வேகம் கூடும். வேகம் கூடினால் உள்ளே இழுக்கும் காற்றும் தூசியும் கூடும். அடைப்பு இன்னும் தடிக்கும்.

ஃபேன் வேகம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் ஏறும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. 10 டெசிபெல் ஏறினாலே காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். வேகம் இரண்டு மடங்கானால் அதே ஃபேன் இழுக்கும் மின்சாரம் எட்டு மடங்காகும். இதற்கெல்லாம் காரணம் சில கிராம் தூசி என்று நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது.

வாரண்டி எப்போதோ முடிந்திருந்தது. ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். க்ளீன் பண்ணித் தருகிறோம் என்று வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது வெளிப்பக்கம் பளபள என்று இருந்தது. சில வாரங்கள் பரவாயில்லை, அப்புறம் பழைய கூச்சல். மறுபடி போய்க் கேட்டால், "போர்டு வீக் ஆயிடுச்சு சார், புதுசா ஒண்ணு பாத்துக்கோங்க" என்றார் ஒருவர். திறந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து நானே திறப்பது என்று முடிவு செய்தேன்.

திறப்பதற்கு நட்சத்திரத் தலையுள்ள ஸ்க்ரூடிரைவர் வேண்டும். அதிலும் நடுவில் துளை உள்ள டி8 வகை. திருகின் மத்தியில் ஒரு சிறு முளை இருக்கும், துளை இல்லாத சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் (டார்க்ஸ்) உள்ளே நுழையாது. சும்மா யாரும் திறந்துவிடக் கூடாது என்பதற்காகவே வைத்த திருகு. அதன் மேல் வாரண்டி ஸ்டிக்கர் வேறு.

மேல்மூடி வந்ததும் ஃபேன் தெரிந்தது. ஓரளவு சுத்தமாகத்தான் இருந்தது. அடுத்து பவர் சப்ளை. இதைக் கழற்றாமல் என் மாடலில் ஹீட் சிங்கின் தகடுகளை எட்டவே முடியாது. பவர் சப்ளையின் திருகுத் தலைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு தலையின் பள்ளத்திலும் தூசி நிரம்பி, கலையாமல் படிந்திருந்தது. அந்தத் திருகுகளை யாரும் தொட்டதே இல்லை. சர்வீஸ் சென்டரில் மூடியைத் திறந்து, ஃபேன் பக்கமிருந்து காற்றடித்துவிட்டு மூடியிருக்கிறார்கள். அந்தப் பக்கமிருந்து காற்றடித்தால் தகடுகளின் வாசலில் இருக்கும் தூசி இன்னும் உள்ளே போய் இறுகும். ஃபேன் இறக்கையில் இருந்தது போனதால் கொஞ்ச நாள் சத்தம் குறைந்தது, அவ்வளவுதான்.

பவர் சப்ளையைத் தூக்கியதும் தகடுகளின் முகப்பு தெரிந்தது. தகடு எதுவும் தெரியவில்லை என்பதுதான் சரி. சாம்பல் நிறத்தில் ஒரே சீரான படலம். பிளாஸ்டிக் இடுக்கியால் ஒரு ஓரத்தைத் தூக்கினேன். கிழியாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுப் பட்டையாக உரிந்து வந்தது. அதன் பின்பக்கத்தில் தகடுகளின் கோடுகள் ஒவ்வொன்றும் அச்சாகப் பதிந்திருந்தன. ஃபேனின் நடு அச்சில் முடி இழைகள் இறுகச் சுற்றியிருந்தன. இத்தனைக்கும் காற்று வெளியேறும் பக்கம் பார்த்தால் தகடுகள் புதிதுபோல மின்னின. தூசி வாசலிலேயே நின்றுவிடுவதால் அந்தப் பக்கம் வருவதே இல்லை. பின்பக்கத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்து "க்ளீனா இருக்கு" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

பட்டையை எடுத்த பிறகு மிச்சத்துக்குக் காற்று. காற்று போகும் திசைக்கு எதிராக, வெளியேறும் பக்கத்திலிருந்து அடித்தேன். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் காற்றடிக்க வேண்டும். சுற்றவிட்டால் அது தாங்காத வேகத்துக்குப் போய் பேரிங் கெடும், மோட்டார் ஜெனரேட்டராக மாறி போர்டுக்குள் மின்சாரத்தையும் அனுப்பலாம். டப்பாவில் வரும் காற்று என்றால் நேராக நிமிர்த்திப் பிடித்து விட்டுவிட்டு அடிக்க வேண்டும். சாய்த்தால் உள்ளே இருக்கும் திரவம் குளிர்ந்து பீறிட்டுவிடும். வாக்யூம் க்ளீனரை போர்டு பக்கம் கொண்டுபோகவில்லை, அதன் முனையில் நிலைமின்சாரம் சேரும். பவர் சப்ளையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் உள்ள கெப்பாசிட்டர்கள் ஆளை அடிக்கும் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்டைத் தொடவில்லை. சூடு என்றாலே பேஸ்ட் மாற்று என்று எல்லோரும் சொல்கிறார்கள். பேஸ்ட் காய்வது உண்மைதான், ஆனால் அது கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். அதற்கு போர்டையே வெளியே எடுக்க வேண்டும், ஒவ்வொரு ரிப்பன் கேபிளும் ஒரு ஆபத்து. தூசியை எடுத்தே சரியாகிவிட்டால் எதற்கு வீண் வேலை?

மூடி, பிளக் போட்டு, அதே கேம், அதே மேப். ஃபேன் சத்தம் இருந்தது, ஆனால் தேடிக் கேட்க வேண்டியிருந்தது. பின்பக்கம் காற்று தாராளமாக வந்தது. டிவி சத்தத்தை இறக்கினேன், இன்னும் இறக்கினேன். அந்தக் கேமின் காட்டுப் பகுதியில் பூச்சிகள் ரீங்காரமிடும், தூரத்தில் ஓடைச் சத்தம் இருக்கும். எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. குதிரையை நிறுத்திவிட்டு அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். புது கன்சோல் வாங்கியிருந்தாலும் அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

சந்தோஷம் அடங்கியதும் கோபம் திரும்பியது. தூசி சேராத வீடு உலகத்தில் எங்கும் கிடையாது. அறைக் காற்றை இழுத்து ஓடும் ஒரு இயந்திரத்துக்குள் தூசி போகும் என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் அது அடையும் ஒரே இடத்தை மூடி, ஸ்டிக்கர், முளை வைத்த திருகு, பவர் சப்ளை என்று இத்தனை கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். முடியாத காரியமும் இல்லை. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இல் பக்க மூடியைக் கையாலேயே கழற்றலாம், தூசி வந்து சேர்வதற்கென்றே உள்ளே இடம் விட்டு, வாக்யூமால் உறிஞ்சிக்கொள்ளத் துளைகளும் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஆனால் அதில் சிப்புக்கு மேல் இருப்பது பேஸ்ட் இல்லை, திரவ உலோகம். அது மின்சாரம் கடத்தும். சிந்தினால் போர்டு போய்விடும். அதனால் அந்தக் கன்சோல் வைத்திருப்பவர்கள் தூசியோடு நிறுத்திக்கொள்வது நல்லது, ஹீட் சிங்கைத் தூக்க வேண்டாம்.

சூட்டை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பது இந்தத் துறைக்குத் தெரியாததும் இல்லை. எக்ஸ்பாக்ஸ் 360இல் சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போகும் கோளாறு பரவியபோது, 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டி வந்தது. சூடாவதும் ஆறுவதுமாக மாறி மாறி நடந்ததில் சிப்பின் கீழே இருக்கும் நுண்ணிய இணைப்புகள் விட்டுப்போயின. அப்போது சிலர் கன்சோலைத் துண்டால் சுற்றி இன்னும் சூடாக்கி உயிர் கொடுக்கப் பார்த்தார்கள். யாரும் அதைச் செய்ய வேண்டாம், தீப்பிடிக்கும்.

ஸ்டிக்கருக்கு வருகிறேன். ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி இல்லை என்று சொல்வது பற்றி 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு, நம் ஊரில் அது செல்லாது என்று நான் சொல்லவில்லை. வாரண்டி உயிரோடு இருந்தால் கம்பெனிக்கே அனுப்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் தன் காசில் வாங்கிய பொருளின் தூசியைத் தானே தட்டுவதற்கு ஒருவர் பயப்பட வேண்டியிருக்கிறது என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

இப்போது கன்சோலை மூடிய அலமாரியிலிருந்து எடுத்துத் திறந்த பலகையில் வைத்திருக்கிறேன், பின்னால் ஒரு சாண் இடைவெளி. தரையில் வைப்பதில்லை, தரையை ஒட்டித்தான் தூசி அதிகம் புரளும்.

அதனால் நண்பனுக்கு என் பதில், வாங்காதே. படம் நன்றாக இருக்கும், கன்ட்ரோலர் நன்றாக இருக்கும், வருஷக்கணக்கில் உழைக்கும். எல்லாம் சரி. என்னுடையதை யாராவது நல்ல விலைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன், அதுவும் சரி. இருந்தாலும் இதை இன்னொருவருக்குச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. மீறி வாங்குவதாக இருந்தால், விற்பவர் வீட்டிலேயே கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டச் சொல், மேப்பைத் திறந்து வை, பின்பக்கம் கையை வைத்துப் பார். காற்று மெலிந்து வந்தால் விலையைக் குறைத்துக் கேள். டி8 ஸ்க்ரூடிரைவர் என்னிடம் இருக்கிறது, வாங்கிய அன்றைக்கே கொண்டு வா, பவர் சப்ளை வரைக்கும் சேர்ந்து கழற்றிவிடலாம்.